நிலக்கரி ஊருக்கு மின்சிக்கனம் சோறு போடுமா? நெய்வேலிப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

வடலூர்_டிப்ளமோ

வணக்கம். இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன், ஊர் வடலூர் பக்கம். அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. கல்லூரியில் ஒரு கருத்தரங்கு நடந்தது, பழைய மாணவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நிலக்கரியை நம்பி இருக்கிற ஊர்களுக்குச் சோலாரும் காற்றாலையும் மட்டும் போதாது, மின்சிக்கன வேலைகளும் வந்தால்தான் மாற்றம் நியாயமாக இருக்கும், ஏனென்றால் அந்த வேலையை அந்தந்த ஊர் வீட்டிலும் பட்டறையிலும் வயலிலும்தான் செய்தாக வேண்டும் என்று பேச வந்தவர் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், "ஊரே கரண்டை மிச்சம் பிடித்தால் கரி எவனுக்கு வேணும்? முதலில் என்னைத்தானே நிற்கச் சொல்வான்?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நாங்கள் பார்த்ததும் அப்படித்தானே? பழைய முதல் அனல்மின் நிலையம் 600 மெகாவாட், ஒன்பது யூனிட். 2020 செப்டம்பரில் அதை மூடினார்கள். அதற்கு மாற்றாக வந்த புது நிலையம் 1,000 மெகாவாட், இரண்டே யூனிட். குறைந்த கரியில் நிறைய மின்சாரம், சரி. ஆனால் ஒன்பது யூனிட்டைச் சுற்றி வேலை செய்த ஆட்கள் இரண்டு யூனிட்டுக்குத் தேவைப்படுவார்களா?

அதனால் கேட்கிறேன். சுரங்கம் ஒருநாள் ஓயும்போது இந்த ஊருக்கு மின்சிக்கனம் உண்மையில் ஏதாவது செய்யுமா, இல்லை கருத்தரங்கில் பேச மட்டும்தானா? எரிசக்தித் தணிக்கை, அதாவது மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்கிற படிப்பு, அது பற்றியும் யோசிக்கிறேன், அதில் போகலாமா?

பாய்லர்_பெரியவர்

தம்பி, உங்கள் அப்பா பாதி சரியாகச் சொல்கிறார். மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

பழைய நிலையம் சோவியத் உதவியில் கட்டியது, முதல் யூனிட் 1962-ல் ஓடியது. 50 மெகாவாட்டில் ஆறு, 100-ல் மூன்று. நம் பழுப்பு நிலக்கரியின் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீர். பாய்லருக்குள் போட்டால் முதலில் அந்த ஈரம் ஆவியாக வேண்டும், அதற்கே வெப்பத்தில் நல்ல பங்கு போய்விடும், பிறகுதான் நீராவிக்கு மிச்சம். பழைய சின்ன யூனிட்டில் இந்த நஷ்டத்தோடு டர்பைன் நஷ்டமும் சேரும். 500 மெகாவாட் யூனிட்டில் அழுத்தமும் வெப்பநிலையும் அதிகம், அதனால் அதே ஒரு டன்னில் கூடுதல் மின்சாரம். ஆள் குறைவதும் உண்மை, மறுக்க மாட்டேன். ஒன்பது டர்பைனுக்கு வேண்டிய பராமரிப்பு இரண்டுக்கு வேண்டாம். நிரந்தரமாக இருப்பவரை வேறு யூனிட்டுக்கு மாற்றலாம், ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு அந்த வழி கிடையாது. நியாயம் பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் மக்கள் வீட்டில் மின்சாரம் மிச்சம் பிடிப்பதால் நெய்வேலி முதலில் நிற்காது. மின்வாரியம் ஒவ்வொரு நேரத்துக்கும் வாங்கும்போது எரிபொருள் செலவு குறைந்த நிலையத்திலிருந்து தொடங்கி மேலே மேலே போகும். தேவை குறைந்தால் வெட்டுவது மேல்தட்டில் இருக்கிற விலை கூடிய நிலையத்தை. இங்கே கரி சுரங்க வாயிலிலேயே கிடைக்கிறது, கன்வேயரில் வருகிறது, ரயில் கூலி கப்பல் கூலி கிடையாது. எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் ஒடிசாவிலிருந்து ரயிலேற்றி, பாரதீப்பில் கப்பலேற்றிக் கொண்டுவரும் கரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆகவே தமிழ்நாடு முழுக்க மின்விசிறி மாற்றினால் அடி முதலில் விழுவது அந்தப் பக்கம். இங்கே சுரங்கத்தை நிறுத்தப்போவது நிலம். 2023 ஜூலையில் பக்கத்து வளையமாதேவியில் சுரங்க விரிவாக்கத்துக்காகக் கதிர் வந்த வயலில் இயந்திரம் இறங்கியபோது என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும், இனி ஒவ்வொரு ஏக்கரும் அப்படித்தான் போகும்.

இன்னொன்று, இதைக் கருத்தரங்கில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மின்சாரம் தின்பதில் சுரங்கமே பெரிய ஆள். ஒரு டன் கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அள்ளிப் பல கிலோமீட்டர் பெல்ட்டில் தள்ள வேண்டும். கரிக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது, அதை இரவு பகல் பம்பு வைத்து இறைக்காவிட்டால் சுரங்கத் தரையையே தூக்கிவிடும். சரக்கு இல்லாமல் வெறுமனே ஓடும் பெல்ட், தேவைக்கு மேல் வேகத்தில் ஓடும் பம்பு, இதெல்லாம் காசு. மையவிலக்குப் பம்பில் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகும், வேகத்தின் மும்மடிக் கணக்கு அது. கிணற்றிலிருந்து தண்ணீரைத் தூக்கும் உயரம் அதிகம் என்றால் அவ்வளவு வராது, ஆனாலும் வரும். இதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு நாலைந்து பேர் போதும் என்பதுதான் சங்கடம். ஆயிரம் குடும்பத்துக்கு அது வேலை ஆகாது.

மந்தாரக்குப்பம்_வைண்டிங்

நான் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். பெரியவர் சொன்னதற்குக் கீழே என் பங்கு.

மின்சிக்கனம் உள்ளூர் வேலையை வளர்க்கும் என்கிறார்கள், என் கடையில் நடப்பது நேர் எதிர். பழைய சீலிங் ஃபேன் காயில் போனால் என்னிடம் வரும். நூறு இருநூறு கிராம் செம்புக்கம்பி, பையன் மதியத்துக்குள் கட்டிவிடுவான், வீட்டுக்காரருக்கும் செலவு கம்மி. இப்போது பிஎல்டிசி ஃபேன் வருகிறது, உள்ளே எலக்ட்ரானிக் போர்டு வைத்து மோட்டாரை ஓட்டுகிற வகை. 75 வாட்டுக்குப் பதில் 30 வாட், நல்ல பொருள்தான், என் வீட்டிலும் போட்டிருக்கிறேன். ஆனால் அதில் காயில் போவது அபூர்வம், போவது உள்ளே இருக்கிற போர்டு. இடி மின்னல், வோல்டேஜ் ஏற்ற இறக்கம், போர்டு காலி. அது கம்பெனிக்குப் போகணும், இல்லை புது போர்டு வாங்கணும். நான் திறந்து பார்த்துவிட்டு மூடிக் கொடுக்கிறேன். ஒரு வேலை வந்து இன்னொரு வேலை போகிறது, போகிற வேலை மந்தாரக்குப்பத்தில் இருக்கிறது, வருகிற வேலை எங்கோ இருக்கிறது.

விவசாய மோட்டார் வேறு கதை. இந்தப் பக்கம் ஒரு காலத்தில் போர் போட்டால் தண்ணீர் தானாகப் பொங்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது நீர்மட்டம் இறங்கியிருக்கிறது, ஆழத்துக்குப் போனால் அந்த அளவுக்கு மின்சாரம் கூடும், அது சாதாரணக் கணக்கு. விவசாயிக்கு மின்சாரம் இலவசம், மாநிலத்தில் 23 லட்சத்துக்கு மேல் அப்படி இணைப்பு இருக்கிறது, அதனால் யூனிட்டைப் பற்றி அவர் ஏன் கவலைப்படணும்? அவர் கவலை வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் எரிவது. அதற்குப் பயந்து தேவைக்கு மேல் ஹெச்.பி. போடுவார், அதனால் லைனில் வோல்டேஜ் இன்னும் இறங்கும், பக்கத்துத் தோட்டத்தில் காயில் எரியும், என்னிடம் வரும். எனக்கு வியாபாரம்தான், ஆனாலும் இப்படி ஒரு வியாபாரம் பெருமையா?

எரிந்த மோட்டாரைத் திரும்பத் திரும்பக் கட்டுவதிலும் நஷ்டம் இருக்கிறது. பழைய காயிலை எடுக்கச் சிலர் ஸ்டேட்டரை, அதாவது காயில் சுற்றியிருக்கும் சுழலாத பாகத்தை, நெருப்பில் போட்டு வாட்டுகிறார்கள், தகடுகளுக்கு நடுவில் இருக்கிற பூச்சு கருகிவிடும், அப்புறம் அந்த மோட்டார் ஆயுளுக்கும் சூடாகத்தான் ஓடும். தகட்டைக் கெடுக்காமல் சூட்டை அளந்து எடுக்கிற அடுப்பு, கட்டி முடித்த பிறகு நஷ்டம் பார்க்கிற கருவி, இந்த இரண்டையும் கடைகளுக்கு வாங்கிக் கொடுத்தாலே மாவட்டத்தில் எவ்வளவோ மிச்சமாகும். மின்சிக்கனம் என்றதும் புதுப்பொருள் விற்பதையே எல்லோரும் யோசிக்கிறார்கள், இருக்கிற தொழிலாளியின் கையை யாரும் யோசிப்பதில்லை.

ரூர்_தமிழன்

நான் ஜெர்மனியில் ரூர் பகுதியில் எஸ்ஸன் நகரில் இருக்கிறேன், சுற்றிலும் பழைய நிலக்கரி ஊர்கள். உங்கள் கேள்விக்கு இங்கே ஒரு நல்ல உதாரணமும் ஒரு கெட்ட உதாரணமும் இருக்கின்றன.

கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிழக்கே லவுசிட்ஸ் பகுதி, உங்களைப் போலவே பழுப்பு நிலக்கரி, திறந்தவெளிச் சுரங்கம். 1989-ல் சுமார் 79,000 பேர் அந்தத் தொழிலில் இருந்தார்கள், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. யாரும் முன்கூட்டித் தயாராகவில்லை. இளைஞர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மேற்கே போனார்கள், அந்தக் கசப்பு இன்னும் அங்கே தேர்தலில் தெரிகிறது.

இங்கே ரூரில் வேறு மாதிரி. 2018-ல் கருங்கரிச் சுரங்கத்தை முடிப்பது என்று 2007-லேயே ஒப்புக்கொண்டார்கள். யாரையும் வெளியே தள்ளுவதில்லை, வயதானவருக்கு முன்கூட்டியே ஓய்வுத்தொகை, இளையவருக்கு வேறு பயிற்சி. பக்கத்து ஊர் போட்ராப்பில்தான் கடைசிச் சுரங்கம், ப்ரோஸ்பெர்-ஹானியல். 2018 டிசம்பர் 21 அன்று கடைசிக் கரித்துண்டை எடுத்துக் குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையர் கையில் கொடுத்தார்கள். அந்த போட்ராப் 2010-லேயே ஒரு திட்டத்தைக் கையில் எடுத்தது, சுமார் 70,000 பேர் வாழும் பகுதியில் பத்து ஆண்டுகளில் கரியமில வாயு வெளியேற்றத்தைப் பாதியாக்குவது. ஆலோசகர் வீடு தேடி வந்து இலவசமாகப் பார்ப்பார், சுவருக்கு எந்த உறை, எந்தச் சன்னல், பழைய கொதிகலனை எப்போது மாற்றலாம் என்று எழுதிக் கொடுப்பார். சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டிய பழைய குடியிருப்பு வீடுகளும் அதில் வந்தன. ஆண்டுக்கு நூறு வீட்டில் மூன்றுக்கு மேல் சீர்செய்தார்கள், நாட்டின் சராசரி ஒன்று அளவில்தான். இலக்கைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டார்கள். மேஸ்திரி, தச்சர், குழாய் வேலைக்காரர் என்று வேலை எடுத்தவர்களில் சுற்றுவட்டாரத்து ஆட்கள் நிறைய.

தேதிகளைப் பாருங்கள். சுரங்கம் மூடுவதற்கு எட்டு ஆண்டு முன்பே வேலை தொடங்கிவிட்டது. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் தன் பங்கைப் போட முடியும். சம்பளம் நின்ற பிறகு மானியம் எவ்வளவு கொடுத்தாலும் மீதிக் காசுக்கு எங்கே போவார்?

ஆனால் இதை அப்படியே நெய்வேலிக்கு எடுத்துவர முடியாது. இங்கே மிச்சம் பிடிப்பது குளிருக்கான வெப்பத்தை, ஒரு வீட்டுச் சுவருக்கு உறை போடச் சாரம் கட்டி வாரக்கணக்கில் நாலைந்து பேர் வேலை செய்ய வேண்டும். உங்கள் ஊரில் ஃபேன் மாற்ற இருபது நிமிடம். அதில் எத்தனை பேர் பிழைப்பார்கள்?

குழுக்கணக்கு

அந்தக் கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி. நான் ஒரு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன், சுரங்க ஒப்பந்தத் தொழிலாளர் வீடுகள் நிறைய உள்ள தெரு. வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், வீட்டுச் செலவையும் பாருங்கள்.

ஒரு ஃபேனில் 45 வாட் மிச்சம். நம் வெயிலில் ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள், இரண்டு மாத பில்லுக்கு 40 யூனிட். மூன்று ஃபேன் என்றால் 120. முதல் 100 யூனிட் இலவசம், அதுவரை இருக்கும் வீட்டுக்கு இதனால் ஒரு பைசா லாபம் இல்லை, சரி. ஆனால் 500-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிற வீடுகள் இருக்கின்றனவே, 501-வது யூனிட்டில் கணக்கே மாறி இருநூறு முந்நூறு ரூபாய் ஒரேயடியாகக் கூடும், ரீடிங் நாலு நாள் தள்ளிப்போனாலே பயம். அந்த வீட்டுக்கு மூன்று ஃபேன் பெரிய விஷயம். சம்பளம் குறையப்போகிற குடும்பத்துக்கு நிரந்தரச் செலவைக் குறைத்துக் கொடுப்பதும் ஒரு வருமானம்தான்.

இலவச யூனிட்டுக்குள் இருக்கிற ஏழை வீட்டில் ஃபேன் மாற்றினால் லாபம் அரசாங்கத்துக்கு. ஆண்டுக்கு ஒரு ஃபேனில் 240 யூனிட், ஆறு ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 1,400 ரூபாய்க்கு மேல் மானியச் சுமை குறைகிறது. ஃபேன் விலை மொத்தமாக வாங்கினால் 2,500-க்குள் வரும். இரண்டு ஆண்டில் போட்ட காசு திரும்பிவிடும், ஆகவே வாங்கிக் கொடுக்க வேண்டியது யார் என்று சொல்லத் தேவையில்லை. எல்.இ.டி. பல்பு முந்நூறு ரூபாய் விற்றது, 2015-ல் மத்திய அரசின் உஜாலா திட்டத்தில் மொத்தமாக வாங்க ஆரம்பித்ததும் கொள்முதல் விலை நாற்பது ரூபாய்க்குக் கீழே இறங்கியது. ஃபேனுக்கும் அதைச் செய்யலாம்.

வேலைக்கு வருகிறேன். ஃபேன் இருபது நிமிடம்தான், கூரை அப்படி இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடு சிமென்ட் ஷீட், மீதி வெறும் தளம். மே மாதம் ராத்திரி பத்து மணிக்கும் தளம் கொதிக்கும், அதனால்தான் ஃபேனை நிறுத்த முடிவதில்லை, கடன் வாங்கி ஏசி போடுகிறார்கள். தளத்துக்குத் தட்டோடு பதிப்பது, வெள்ளைப் பூச்சு அடிப்பது, ஷீட்டுக்குக் கீழே தடுப்புக் கொடுப்பது, இது கொத்தனார் சித்தாள் வேலை, பெண்களும் செய்கிற வேலை, ஒரு வீட்டுக்குச் சில நாள் ஆகும். அரசுப் பள்ளி, அங்கன்வாடி, விடுதி என்று ஆரம்பித்தால் பல ஆண்டுக்கு ஆர்டர் இருக்கும்.

காசு எங்கே என்று கேட்பீர்கள். 2015-ல் சட்டம் மாறியதிலிருந்து சுரங்க உரிமத் தொகையோடு ஒரு பங்கு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் போகிறது, பழுப்பு நிலக்கரிக்கும் அது உண்டு. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே செலவு செய்ய வேண்டிய பணம். திறன் பயிற்சிக்கும் இடம் இருக்கிறது, எரிசக்திக்கும் இடம் இருக்கிறது. சாலையும் கட்டடமும் கேட்க ஆள் இருக்கிறார்கள், கூரை கேட்க ஆள் இல்லை. கிராமசபையில் தீர்மானம் போட்டு நாங்கள்தான் கேட்க வேண்டும்.

வடலூர்_டிப்ளமோ

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக அக்கா கணக்குக்கு. அப்பாவிடம் எண்ணூர் விஷயத்தைச் சொன்னேன், "அங்கேயும் ஒருத்தன் பெல்ட்டில்தானே நிற்பான்" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

சோலார் பற்றி யாரும் பேசவில்லையே? சுரங்கத்தை நடத்துகிற என்.எல்.சி. நிறுவனமே 1,000 மெகாவாட்டுக்கு மேல் சோலார் போட்டிருக்கிறதே, அங்கே ஆள் எடுக்க மாட்டார்களா? தணிக்கைப் படிப்பு பற்றியும் பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும்.

பாய்லர்_பெரியவர்

எண்ணூர்க்காரர் பற்றி உங்கள் அப்பா கேட்டது சரிதான், அங்கேயும் இதே பேச்சு நடக்க வேண்டும், நடக்கவில்லை.

சோலார் நெய்வேலியில் கொஞ்சம்தான். பெரும்பகுதி ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் போட்டது. கட்டும்போது ஆள் வேண்டும், கட்டி முடித்தால் பேனல் கழுவவும் காவலுக்கும்தான். மந்தாரக்குப்பத்தில் வேலை இழந்தவர் கமுதிக்குப் போய்க் காவல் இருப்பாரா? கருத்தரங்கில் பேசியவர் உள்ளூர் வேலை என்று அழுத்திச் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

தணிக்கைத் தேர்வு எரிசக்தித் திறன் பணியகம் நடத்துகிறது. எரிசக்தி மேலாளருக்கு மூன்று தாள், தணிக்கையாளருக்கு நான்கு. டிப்ளமோவுக்கு அனுபவ ஆண்டுகள் கேட்பார்கள், ஆகவே உடனே எழுத முடியாது. முதலில் தணிக்கை செய்கிற ஏதாவது நிறுவனத்தில் உதவியாளராகச் சேருங்கள். கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கிற கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாக ஏறி இறங்க வேண்டும். மதிய உணவு நேரத்தில் இயந்திரங்கள் நின்றிருக்கும்போது கம்ப்ரஸர் மட்டும் விட்டு விட்டு ஓடினால் குழாயில் எங்கோ காற்றுக் கசிகிறது என்று அர்த்தம், சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே போனால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். பராமரிப்பு இல்லாத இடத்தில் கால்வாசிக் காற்று அப்படியே போகும்.

வாடிக்கையாளர் சுரங்கத்துக்கு வெளியே இருக்கிறார்கள். விருத்தாசலத்தில் செராமிக் சூளைகள், பண்ருட்டியில் முந்திரி ஆலைகளின் பாய்லர்கள், கடலூர் சிப்காட். சூளைப் புகையில் வீணாகும் வெப்பத்தைத் திருப்பி உள்ளே விட்டாலே எரிபொருள் செலவு குறையும், அந்த முதலாளிக்கு வியாபாரம் நிலைக்கும், அங்கே வேலை செய்கிறவருக்கும் வேலை நிலைக்கும். சுரங்கம் ஓய்ந்த பிறகு இந்த மாவட்டம் பிழைக்க வேண்டியது இந்தத் தொழில்களை வைத்துத்தான். தனியாக மின்சிக்கன வேலை என்று எண்ணிப் பார்த்தால் கொஞ்சமாகத் தெரியும், அது தாங்கிப் பிடிக்கிற வேலைகளையும் சேர்த்து எண்ணுங்கள்.

மந்தாரக்குப்பம்_வைண்டிங்

தம்பி, நீங்கள் எலக்ட்ரானிக்ஸும் கொஞ்சம் படித்திருப்பீர்கள். அந்த பிஎல்டிசி போர்டு ரிப்பேர் தெரிந்த ஆள் இந்தப் பக்கம் கிடைப்பதில்லை. செத்த போர்டு ஒரு டப்பா நிறையக் கடையில் கிடக்கிறது, வந்து எடுத்துப் பாருங்கள், காசு வேண்டாம். ஐடிஐயில் யாராவது அதற்கு வகுப்பு வைத்தால் என் பையன்கள் இரண்டு பேரையும் அனுப்புகிறேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள், பகலில் கடையை மூட முடியாது.